வாரண்ட் இல்லாமல் சுங்க அதிகாரி எதுவரை போகலாம்? சோதனை, கைப்பற்றல், கைது

கேள்வி இதுதான்: வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்து சென்னையிலோ திருச்சியிலோ இறங்கும் ஒருவரைச் சுங்க அதிகாரிகள் வாரண்ட் இல்லாமல் சோதிக்கலாமா? போட்டிருக்கும் நகையைக் கழற்றி வாங்கி வைத்துக்கொள்ளலாமா? கைது செய்யலாமா? நீட்டுகிற தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டுமா?

சோதிக்கலாம். வாங்கி வைக்கலாம். சில குற்றங்களில் வாரண்ட் இல்லாமலே கைதும் செய்யலாம். எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் மட்டும் இல்லை. இந்த அதிகாரங்கள் 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் 13-ஆம் அத்தியாயத்தில், பிரிவு 100 முதல் 110ஏ வரை வருகின்றன. ஆளைச் சோதிக்கவும், வீட்டுக்குள் நுழையவும், பொருளைக் கைப்பற்றவும், கைது செய்யவும் சட்டம் வைக்கும் நிபந்தனை ஒன்றே: அதிகாரிக்கு ‘நம்புவதற்குக் காரணம்’ இருக்க வேண்டும். வெறும் சந்தேகம் போதாது. பின்னால் கோர்ட்டுக்குப் போனால், அந்தக் காரணம் அன்றைய தாள்களில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அந்த இரவில் எழுதப்படும் நாலைந்து தாள்கள்தான் வழக்கின் உயிர்.

முதலில் பையையும் உடம்பையும் பிரித்துப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வருபவரின் பெட்டியை ஸ்கேனரில் விடுவதும் திறந்து பார்ப்பதும் வழக்கமான பரிசோதனை. அதை மறுக்க முடியாது. பச்சை வழியில் காலை வைத்தாலே, ‘வரி கட்ட வேண்டிய பொருள் என்னிடம் எதுவும் இல்லை’ என்று சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். கவுன்டரில் நிறுத்திய பிறகு ‘இப்போது சொல்கிறேன்’ என்பது அறிவிப்பாகாது. உடலைச் சோதிப்பது வேறு. அதற்குப் பிரிவு 100: பறிமுதலுக்கு உரிய பொருளையோ அது தொடர்பான ஆவணத்தையோ உடலில் மறைத்திருக்கிறார் என்று நம்பக் காரணம் இருக்க வேண்டும். விமான நிலையம், துறைமுகம், எல்லைச் சாவடி ஆகியவற்றைத் தாண்டி ஊருக்குள் நிறுத்திச் சோதிப்பதென்றால் பிரிவு 101. அது தங்கம், வைரம், கைக்கடிகாரம், அரசு அறிவிக்கும் வேறு சில பொருட்கள் ஆகியவற்றுக்கு மட்டும்தான். ஆணையரின் உத்தரவு பெற்ற அதிகாரிதான் அதைச் செய்யலாம்.

பிரிவு 102 பயணிக்கு ஒரு உரிமை தருகிறது. ‘என்னைக் கெசட்டட் சுங்க அதிகாரியிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ அழைத்துப் போங்கள், அதன் பிறகு சோதியுங்கள்’ என்று கேட்கலாம். கேட்டால் அழைத்துப் போயே ஆக வேண்டும். சோதிக்கப் போதிய காரணம் இல்லை என்று அவர் கருதினால் உடனே விட்டுவிட வேண்டும். நடைமுறையில் சூப்பிரண்டெண்ட் பதவியே கெசட்டட் பதவி என்பதால், அந்த அதிகாரி பெரும்பாலும் அதே கூடத்தில் இருப்பார். ஆனாலும் கேளுங்கள், கேட்டதை எழுதச் சொல்லுங்கள். இந்த உரிமையை அவர்களாகச் சொல்லியே தீர வேண்டும் என்று சுங்கச் சட்டத்தின் வாசகம் கட்டளையிடவில்லை. ‘அவர் கேட்டால்’ என்றுதான் இருக்கிறது. போதைப்பொருள் சந்தேகத்தில் உடலைச் சோதித்தால் கதை வேறு. அங்கே போதைப்பொருள் சட்டத்தின் பிரிவு 50 பொருந்தும். அந்த உரிமையை அதிகாரியே எடுத்துச் சொல்ல வேண்டும், அதில் தளர்வு கிடையாது என்று 2010-ல் விஜய்சிங் சந்துபா ஜடேஜா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது.

பெண்ணைப் பெண் மட்டுமே சோதிக்கலாம். இதற்கு விதிவிலக்கே இல்லை. சோதனைக்கு முன் இரண்டு சாட்சிகளாவது இருக்க வேண்டும். கிடைத்த பொருள்களின் பட்டியலில் அவர்கள் கையெழுத்திட வேண்டும்.

உடலுக்குள் மறைத்திருப்பதாகச் சந்தேகித்தால் பிரிவு 103. 2019 திருத்தத்துக்குப் பிறகு, உதவி ஆணையர் அல்லது துணை ஆணையரின் முன் அனுமதியோடு விமான நிலையத்தில் உள்ள கருவியால் ஸ்கேன் செய்யலாம். மருத்துவமனைக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுக்க மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். எக்ஸ்ரேயில் ஏதாவது தெரிந்தால், அதை வெளியே எடுக்கவும் அவர் உத்தரவிட்டு, பதிவுபெற்ற மருத்துவர்தான் செய்ய வேண்டும். பெண்ணுக்குப் பெண் மருத்துவரின் மேற்பார்வை கட்டாயம். இதில் ஒரு கதவு திறந்திருக்கிறது. ‘ஆம், உள்ளே வைத்திருக்கிறேன், நானாகவே சம்மதிக்கிறேன்’ என்று பயணி ஒப்புக்கொண்டால் மாஜிஸ்திரேட் கட்டம் தேவையில்லை. அதனால்தான் பல வழக்குகளில் ‘தாமாக முன்வந்து’ என்ற சொல் மகஜரில், அதாவது சாட்சிகள் முன் எழுதும் சோதனைப் பதிவில், வருகிறது. உண்மையில் சம்மதிக்காதவர் அந்த வரி உள்ள தாளில் கையெழுத்திடக் கூடாது.

இனி அந்த மகஜர். பிற மாநிலங்களில் பஞ்சநாமா என்பார்கள். ‘பயணியிடமிருந்து தங்க நகைகள் கைப்பற்றப்பட்டன’ என்று ஒரே வரியில் இருந்தால் பின்னால் உங்களுக்குத்தான் கஷ்டம். உருப்படியான மகஜரில் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அதிகாரியின் பெயரும் பதவியும், சாட்சிகளின் விவரம் எல்லாம் இருக்கும். ஒவ்வொரு நகையும் தனித்தனியாக வர வேண்டும்: தாலிக்கொடி 1, வளையல் 4, ஒவ்வொன்றின் எடை, எத்தனை காரட், தேய்ந்த பழைய நகையா புதிதா, அளவிட்ட மதிப்பீட்டாளர் யார். பசை வடிவத் தங்கம் என்றால் உறையோடு இருந்த எடை ஒன்று, உருக்கி எடுத்த தூய தங்கத்தின் எடை இன்னொன்று. இரண்டும் இருந்தாக வேண்டும். கடைசியில் பொட்டலம் கட்டி முத்திரை வைத்ததும் அந்த முத்திரையின் அச்சும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், பொருள் எங்கே இருந்தது என்பது. கழுத்தில் போட்டிருந்ததா, கைப்பையில் இருந்ததா, உள்ளாடையில் தைக்கப்பட்டிருந்ததா, மிக்ஸி மோட்டாருக்குள் இருந்ததா? கழுத்தில் கிடந்த சங்கிலியை ‘மறைத்து வைத்திருந்தார்’ என்று எழுதிவிட்டால், பிரிவு 125-ன் கீழ் அபராதம் கட்டி மீட்கும் வாய்ப்பே குறைந்துவிடும். தடை செய்யப்பட்ட பொருளுக்கு அந்த வாய்ப்பைத் தருவது அதிகாரியின் விருப்பம். மற்றவற்றுக்குத் தந்தே ஆக வேண்டும். தங்கம் தடை செய்யப்பட்ட பொருளா என்றால், இறக்குமதிக்கான நிபந்தனைகளை நிறைவேற்றாமல் கொண்டுவந்தால் அப்படித்தான் கருத வேண்டும் என்று 2016-ல் மலபார் டைமண்ட் கேலரி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. இந்த ஒரு புள்ளியில்தான் பெரும்பாலான நகை வழக்குகள் தோற்கின்றன. சொந்த உபயோக நகைக்குப் பாதுகாப்பே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். புஷ்பா லேகுமால் தோலானி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017-ல், பயணி தன் சொந்த உபயோகத்துக்காகக் கொண்டுவந்த நகையைக் கடத்தலாகக் கருத மறுத்தது. அங்கே நகையின் மதிப்பு ஒரு கோடி ரூபாய்க்கு மேல். இங்கிருந்து நகை போட்டுக்கொண்டு வெளிநாடு போகிறவர்கள் புறப்படும்போதே சுங்கக் கவுன்டரில் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டால் இந்தத் தகராறே எழாது. அரை மணி நேர வேலை என்று அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள்.

பொருளை வாங்கி வைத்ததும் கையில் என்ன தாள் தந்தார்கள் என்று பாருங்கள். பிரிவு 80-ன் கீழ் தற்காலிகமாகப் பிடித்து வைத்த ரசீதா, பிரிவு 110-ன் கீழ் கைப்பற்றிய உத்தரவா? முதலாவது, உண்மையாக அறிவித்த பயணிக்கு உரியது. வரி கட்ட முடியாவிட்டால் பொருளை அங்கேயே விட்டுவிட்டு, திரும்பிப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம். அறிவிக்காமல் பச்சை வழியில் போனவர் இதை உரிமையாகக் கேட்க முடியாது. இரண்டாவதில் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். பறிமுதல் என்பது இவை இரண்டும் அல்ல; அது விசாரணை முடிந்து பிறப்பிக்கும் இறுதி உத்தரவு. கைப்பற்றிய அன்றே ‘பறிமுதல்’ என்று பத்திரிகையில் வந்தாலும், பொருள் இன்னும் உங்களுடையதுதான்.

கைப்பற்றிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் பிரிவு 124-ன் கீழ் விளக்கம் கேட்கும் நோட்டீஸ் வர வேண்டும். வராவிட்டால், யாரிடமிருந்து எடுத்தார்களோ அவரிடமே திருப்பித் தர வேண்டும் என்கிறது பிரிவு 110(2). ஆணையர் எழுத்தில் காரணம் காட்டி மேலும் ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம். ஆனால் முதல் ஆறு மாதம் முடிவதற்குள் அதை உங்களுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். ஒன்றை மறக்க வேண்டாம்: கெடு தாண்டிப் பொருள் கைக்கு வந்தாலும் வழக்கு சாகாது. நோட்டீஸும் தண்டத்தொகையும் பின்னால் வரலாம் என்று ஹர்பன்ஸ் லால் வழக்கில் 1993-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கையெழுத்து சிக்கல் இங்கேதான் வருகிறது. ‘எனக்கு நோட்டீஸ் வேண்டாம், நேரில் விசாரணை வேண்டாம்’ என்று ஏற்கெனவே அச்சடித்த படிவம் ஒன்றை நீட்டுவார்கள். ‘போட்டால் சீக்கிரம் முடியும்’ என்பார்கள். வாய்மொழி நோட்டீஸுக்குச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் அது உங்கள் வேண்டுகோளின் பேரில் வர வேண்டும். அச்சடித்த படிவத்தில் வாங்கிய கையெழுத்தை நோட்டீஸ் உரிமையைக் கைவிட்டதாக ஏற்க முடியாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025-ல் பல வழக்குகளில் சொல்லி, நகைகளைத் திருப்பித் தர உத்தரவிட்டது. ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டு உயர் நீதிமன்றம் ஏறுவதை விட, போடாமல் இருப்பது எவ்வளவோ மேல்.

வாக்குமூலத்தை அப்படித் தட்டிக்கழிக்க முடியாது. பிரிவு 108-ன் கீழ் கெசட்டட் அதிகாரி சம்மன் கொடுத்தால் போக வேண்டும், உண்மையைச் சொல்ல வேண்டும்; பொய் சொன்னால் அதுவே தனிக் குற்றம். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்ற பாதுகாப்பை நம்பி இங்கே ஏமாறுபவர்கள் ஏராளம். சுங்க அதிகாரி போலீஸ் அதிகாரி அல்ல என்று 1968-ல் ரமேஷ் சந்திர மேத்தா வழக்கிலும், அதே ஆண்டில் சென்னை சுங்கத்துறை தொடர்பான இலியாஸ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. ஆகவே 108 வாக்குமூலம் உங்களுக்கு எதிரான சாட்சியம். விசாரணையின்போது பக்கத்தில் வக்கீல் உட்கார உரிமை இல்லை என்பது 1992-ன் பூல்பாண்டி தீர்ப்பு. போதைப்பொருள் வழக்கில் மட்டும் நிலைமை மாறியது: 2020 அக்டோபரில் தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், அந்தச் சட்டத்தின் பிரிவு 67-ன் கீழ் வாங்கும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

வாக்குமூலத்தைத் தமிழில், சொந்தக் கையால் எழுதித் தருகிறேன் என்று கேளுங்கள். அவர்கள் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் முழுவதையும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வாசிக்காமலேயே ‘தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டேன்’ என்ற கடைசி வரியின் கீழ் கையெழுத்திடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மிரட்டியோ அடித்தோ வாங்கியிருந்தால் முதல் வாய்ப்பிலேயே மறுத்துவிட வேண்டும்: மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது வாயைத் திறந்து சொல்வது, அடுத்த ஓரிரு நாளில் பதிவுத் தபாலில் மறுப்புக் கடிதம் அனுப்புவது. நோட்டீஸுக்குப் பதில் எழுதும்போது, எட்டு மாதம் கழித்து மறுத்தால் யாரும் நம்ப மாட்டார்கள். தானாக முன்வந்து தந்தது என்று நிரூபணமானால், மறுக்கப்பட்ட வாக்குமூலத்தின் மேலேயே தண்டனை கொடுக்கலாம் என்பது 1997-ன் பவுண்ணி தீர்ப்பு.

கைது பிரிவு 104-ல் வருகிறது. 2011-ல் ஓம் பிரகாஷ் வழக்கில், அன்றைய நிலையில் சுங்கக் குற்றங்களுக்கு வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு 2012, 2013, 2019 திருத்தங்கள் சட்டத்தை மாற்றின. இன்று தடை செய்யப்பட்ட பொருள் தொடர்பான குற்றத்திலும், 50 லட்சம் ரூபாய்க்கு மேல் வரி ஏய்ப்பு அல்லது மோசடியாகப் பெற்ற வரிச்சலுகை போன்றவற்றிலும் வாரண்ட் தேவையில்லை. 50 லட்சத்துக்கு மேல் வரி ஏய்ப்பு, அறிவிக்காமல் கொண்டுவந்த பொருளின் சந்தை மதிப்பு ஒரு கோடிக்கு மேல் போன்றவை, அதிகாரி ஜாமீனில் விட முடியாத வகை. ஏழு ஆண்டு வரை சிறை. மற்றவை ஜாமீனில் விடத்தக்கவை, சுங்க அதிகாரியே ஜாமீன் தரலாம். இந்த வரம்புகள் ரூபாயில் இருக்கின்றன, கிராமில் அல்ல. தங்கம் விலை ஏற ஏற, சில ஆண்டுகளுக்கு முன் அன்றைக்கே ஜாமீனில் வெளியே வந்திருக்கக்கூடிய எடை இன்று புழல் சிறைக்குக் கொண்டுபோய் விடும். ‘ஒரு பார்சல்தான், டிக்கெட் இலவசம்’ என்று குருவியாகப் போக ஒத்துக்கொள்ளும் இளைஞர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை.

சட்டம் அனுமதித்தாலும் எல்லோரையும் கைது செய்ய வேண்டியதில்லை. துறையின் 2022 ஆகஸ்ட் சுற்றறிக்கைப்படி பயணப்பை, நேரடிக் கடத்தல் வழக்குகளில் சந்தை மதிப்பு 50 லட்சமும் அதற்கு மேலும், வணிக இறக்குமதி மோசடிகளில் 2 கோடியும் இருந்தால்தான் பொதுவாகக் கைது. ஆயுதம், கள்ளநோட்டு, வனவிலங்குப் பொருள், தொன்மைச் சிலை போன்றவற்றுக்கு இந்த வரம்பு கிடையாது.

2025 பிப்ரவரி 27-ல் ராதிகா அகர்வால் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு தந்த தீர்ப்பு இந்த விஷயத்தில் இன்று மிக முக்கியமானது. சுங்க அதிகாரி போலீஸ் இல்லை என்பது மாறவில்லை. ஆனால் கைதுக்கான பாதுகாப்புகள் எல்லாம் அவர்களையும் கட்டும்: நம்பியதற்கான காரணம் பதிவில் இருக்க வேண்டும், கைதுக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும், குடும்பத்தாருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும், வக்கீலைச் சந்திக்க விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 22-ஆம் பிரிவு. இந்த 24 மணி நேரத்தை எப்போதிலிருந்து எண்ணுவது? கைதுத் தாளில் அதிகாலை 5 மணி என்று இருக்கும்; ஆளோ முந்தின நாள் பிற்பகலிலிருந்தே ‘விசாரணை’ என்று அறையில் உட்கார வைக்கப்பட்டிருப்பார். நகர விடாமல் தடுத்த கணத்திலேயே கைது தொடங்கிவிட்டது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1990-ல் அஷாக் ஹுசைன் வழக்கில் சொன்னது. அதனால் விமானம் இறங்கிய நேரம், போர்டிங் பாஸ், வீட்டுக்குப் போன கடைசி அழைப்பு ஆகியவற்றைக் குடும்பத்தார் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

வீடு, கடை, கிடங்கு என்றால் பிரிவு 105. கோர்ட் வாரண்ட் தேவையில்லை; உதவி ஆணையரோ துணை ஆணையரோ அதிகாரம் அளித்தால் போதும். அந்த உத்தரவில் எந்த இடம், யார் சோதிக்கலாம் என்று இருக்க வேண்டும். படித்துப் பார்த்து அதில் கையெழுத்திடுங்கள். சோதனைக்கு முன் அதிகாரிகளை நீங்கள் சோதித்துக்கொள்வதாகச் சொல்வது முறைதான். யாரும் கோபிக்க மாட்டார்கள். நகைக்கடைக்காரர்கள் பிரிவு 123-ஐ மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்: கடத்தல் தங்கம் என்று நியாயமாக நம்பிக் கைப்பற்றினால், அது கடத்தல் அல்ல என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில். பில்லும் இருப்புப் பதிவேடும் அன்றைக்கே ஒத்துப்போக வேண்டும். பிறகு கொண்டுவரும் பில்லைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். வண்டியை நிறுத்திச் சோதிக்கப் பிரிவு 106 உண்டு. வேறு எந்த வழியிலும் நிற்காத வாகனத்தின் மேல் சுடக்கூட அது அனுமதிக்கிறது, ஆகவே செக்போஸ்ட்டில் வேகம் கூட்ட வேண்டாம்.

2019 நவம்பரிலிருந்து சோதனை உத்தரவு, சம்மன், கைதுத் தாள் எல்லாவற்றிலும் கணினி தந்த ஆவண அடையாள எண் இருக்க வேண்டும்; துறையின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம். ‘உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, வீடியோ காலில் கைது செய்கிறோம், பணத்தை இந்தக் கணக்கில் போடுங்கள்’ என்று வரும் அழைப்புகளுக்குப் படித்தவர்களும் ஓய்வூதியக்காரர்களும் லட்சக்கணக்கில் இழக்கிறார்கள். சுங்கச் சட்டத்தில் போனில் கைது என்று ஒன்று கிடையாது. அழைப்பைத் துண்டித்துவிட்டு 1930-க்குப் பேசுங்கள்.

சரக்கு இறக்குமதி செய்பவர்களுக்குச் சுருக்கமாக: கன்டெய்னரைக் கைப்பற்றினால் பிரிவு 110ஏ-யின் கீழ் பத்திரமும் பிணையும் கொடுத்து இடைக்காலமாக விடுவிக்க அன்றைக்கே மனுப் போடுங்கள். துறைமுகக் கிடங்கு வாடகையைக் காட்டித்தான் பலர் கேட்ட தொகைக்கெல்லாம் ஒத்துக்கொள்கிறார்கள். சுங்கத்துறை பிடித்து வைத்த சரக்குக்குக் கிடங்குக்காரர் வாடகை வசூலிக்கக் கூடாது என்பது 2009 ஒழுங்குமுறை. அதற்கான சான்றிதழைச் சுங்கத்துறையிடம் எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். கப்பல் கம்பெனியின் கன்டெய்னர் வாடகை தனி. ஆவணத்தில் நீங்கள் சொன்னது சரியென்று தெரிந்தால்தான் அதில் விலக்கு.

அதிகாரி காரணமே இல்லாமல் சோதித்தாலோ கைது செய்தாலோ பிரிவு 136-ன் கீழ் அவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் வழக்கை எடுக்க ஆணையரின் முன் அனுமதி வேண்டும்; உதவி ஆணையரோ அதற்கு மேற்பட்டவரோ என்றால் மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். நல்லெண்ணத்தில் செய்த செயலுக்குப் பிரிவு 155 பாதுகாப்பும் தருகிறது. இந்த வழியில் பலன் கிடைப்பது அரிது என்பதால் பெரும்பாலோர் ரிட் மனுவையே நாடுகிறார்கள்.

பறிமுதல் உத்தரவு வந்துவிட்டால் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். உதவி, துணை, இணை, கூடுதல் ஆணையர் நிலையில் பிறந்த உத்தரவுக்கு எதிராக 60 நாளுக்குள் மேல்முறையீட்டு ஆணையரிடம் போக வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 30 நாள், அதற்கு மேல் மன்னிக்க அவருக்கே அதிகாரம் இல்லை. தண்டத்தொகையில் 7.5 சதவீதம் முன்கூட்டிக் கட்ட வேண்டும். அங்கும் தோற்றால், சரக்கு வழக்கு தீர்ப்பாயத்துக்குப் போகும். பயணப்பை வழக்கு அங்கே போகாது. பிரிவு 129டிடி-யின் கீழ் மத்திய அரசிடம் மூன்று மாதத்துக்குள் சீராய்வு மனுப் போட வேண்டும். நகை வழக்கைத் தீர்ப்பாயத்தில் போட்டு, அங்கே திருப்பி அனுப்பப்பட்டு, அதற்குள் மூன்று மாதம் கடந்துபோனவர்கள் உண்டு. வக்கீலைப் பார்க்கப் போகும்போதே உத்தரவின் முதல் பக்கத்திலுள்ள மேல்முறையீட்டுக் குறிப்பை அவரிடம் காட்டி, எங்கே போகப் போகிறோம் என்று கேட்டுவிடுங்கள்.